வரையாட்டுக்கு கொம்பு இருந்தா அது ஆணா? விஸ்காம் ப்ராஜெக்ட்ல நான் பட்டது

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பைனல் இயர்ல வைல்ட்லைப் எடுக்கலாம்னு நினைக்கிறவங்களுக்காக இத எழுதுறேன். நான் நிலம், கடல் ரெண்டும் சேத்து 20 போட்டோன்னு டாபிக் குடுத்துட்டேன், குடுக்கும்போது கெத்தா இருந்துச்சு, அப்புறம்தான் வயித்த கலக்குச்சு.

மொதல்ல வால்பாறை. ஆழியார்ல இருந்து ஏறுற 40 கொண்டை ஊசி வளைவுல 9வது வளைவுகிட்டயே வரையாடு ரோட்டோரமா மேயும், அதனால பெரிய லென்ஸ் இல்லன்னு பயப்படாதீங்க, என்கிட்ட இருந்ததே சாதா 70-300 எம்எம் லென்ஸ்தான், 1.5 கிராப் சென்சார்ல (சின்ன சென்சார் கேமராவுல) அது 450 எம்எம் மாதிரி நெருக்கமா காட்டும். நான் மாட்டுனது புதுத்தோட்டத்துல சிங்கவால் குரங்குகிட்ட. உடம்பு பூரா கருப்பு, மூஞ்ச சுத்தி மட்டும் வெள்ளிப் பிடரி. ப்ரேம் முழுக்க கருப்பா இருந்தா கேமராவுல வெளிச்சத்த அளக்குற மீட்டர் ஏமாந்து வெளிச்சத்த ஏத்திடும், அது தெரியாம மொத நாள் எடுத்த படத்துலலாம் பிடரி சோப்பு நுரை மாதிரி வெளுத்துக் கெடந்துச்சு. மறுநாள் படத்தோட வெளிச்சத்த கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பென்சேஷன மைனஸ் 1ல வெச்சேன், முடி முடியா தெரிஞ்சுது.

கடல் வேற கதை. தெரிஞ்ச மீனவர் அண்ணனோட பைபர் போட்ல போனேன், கூடவே ட்ரைபாட தூக்கிட்டு. அவர் ஒரு பார்வை பார்த்தாரு பாருங்க. போட்டோட ஆட்டம் அப்படியே கேமராவுக்குப் போகும், ட்ரைபாட் சுத்த வேஸ்ட், கைல புடிச்சு ஷட்டர் ஸ்பீட 1/1600க்கு மேல வைங்க. ஓங்கில் (டால்பின்) எங்க வரும்னு கேட்டேன், "தண்ணிய பாக்காத தம்பி, ஆலா எங்க கூட்டமா வட்டமடிக்குதுன்னு பாரு"ன்னாரு. ஆலாங்கிறது கடல் பறவை, கீழ மீன் கூட்டம் இருந்தாத்தான் அது சுத்தும், அதே மீனுக்குத்தான் ஓங்கிலும் வரும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணில நனைச்சுப் புழிஞ்ச துணியால கேமராவ துடைங்க, நடுக்கடல்ல லென்ஸ் மட்டும் கழட்டிடாதீங்க.

பங்குனி ஆமைன்னு ஒரு கடலாமை, அதுக்காக சென்னை பீச்ல நைட் நடந்தேன். 1988ல இருந்து ஸ்டூடண்ட்ஸ் நடத்துற ஆமை நடை அது. வெளிச்சம் பட்டா குஞ்சுங்க கடல விட்டுட்டு வெளிச்சத்த பார்த்து போயிடும், முட்டை போட வர்ற தாய் ஆமையும் பயந்து திரும்பிடும். அதனால பிளாஷ் கூடவே கூடாது. கேமரா பைக்குள்ளயே கெடந்துச்சு, கடைசில விடியக்காலைல ஆமை போன தடத்த மட்டும் எடுத்தேன்.

இப்ப வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. ஐஎஸ்ஓ, அப்பெர்ச்சர்னு நைட் பூரா மனப்பாடம் பண்ணிட்டுப் போனேன், அதுல ஒரு கேள்வி கூட வரல. வெளிய இருந்து வந்த எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வரையாடு படத்த காட்டி "ஆணா, பெண்ணா?"ன்னாரு. "கொம்பு இருக்குல்ல சார், ஆண்"னேன். "பெண்ணுக்கும் கொம்பு உண்டுப்பா, சின்னதா இருக்கும். வயசான ஆணுக்கு முதுகுல சேணம் போட்ட மாதிரி வெளிர் திட்டு இருக்கும், இதுல எங்க?"ன்னாரு. முழிச்சேன். அதனாலதான் சொல்றேன், படம் எடுத்த அன்னிக்கே அந்த விலங்கு என்ன பண்ணுச்சு, ஆணா பெண்ணான்னு நோட்ல எழுதி வைங்க, ஊருக்கு வந்தப்புறம் ஒண்ணும் ஞாபகம் இருக்காது.

கடைசியா ஆமைத் தடத்துல நிறுத்தி, "இது ஏறுன தடமா, எறங்குன தடமா?"ன்னாரு. இத மட்டும் கூட நடந்த அக்கா சொல்லிக் குடுத்திருந்தாங்க. "துடுப்பு மணல பின்னாடி தள்ளும் சார், இங்க மணல் கடல் பக்கமா குமிஞ்சிருக்கு, அப்போ கரைக்கு ஏறுன தடம்"னேன். ஒண்ணும் சொல்லல, ஆல்பத்த மூடிட்டு கையெழுத்துப் போட்டாரு.