ரெண்டாம் பால் போதும்

நாங்கள் திருகோணமலைக்கு வந்து சேர்ந்த நேரம் பார்த்துத் தேங்காய் விலை உச்சியில் நின்றது. 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாயைத் தாண்டிவிட்டிருந்தது. சந்தையில், பஸ்ஸில், கோயில் வாசலில், எங்கே போனாலும் அதே பேச்சு. தேங்காய்ப்பால் விடாமல் கறி வைக்கப் பிரியப்படாத ஊரில் அது சின்ன விஷயமில்லை. சித்திரை வருடப்பிறப்பு நெருங்க நெருங்கப் புலம்பல் கூடியது. எனக்கோ அந்த வருடப்பிறப்புக்குத்தான் முழுச் சாப்பாட்டையும் முதல்முதலாக என் கையால் ஆக்கவேண்டியிருந்தது.

அதுவரை எங்கள் வீட்டில் விசேஷச் சமையல் என்றால் அம்மாதான். நான் காய் நறுக்குவேன், தேங்காய் துருவுவேன், அவ்வளவுதான்.

அம்மா திருகோணமலைக்குப் பக்கத்துச் சாம்பல்தீவுக்காரி. 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது மன்னார் வரை போய், அங்கிருந்து படகேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபத்தில் பெயர் பதிந்து, கடைசியில் ஈரோடு மாவட்டத்தில் பவானிசாகர் முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். நான் பிறந்து வளர்ந்து கல்யாணம் கட்டியது எல்லாம் அங்கேதான். 2021-இல் அரசு அதற்கு ‘மறுவாழ்வு முகாம்’ என்று புதுப் பெயர் வைத்தது. எங்கள் வாயில் முகாம்தான். அங்கே பிறந்த பிள்ளைக்கு இலங்கைக் குடியுரிமை எடுப்பது, வந்தபின் அடையாள அட்டைக்கு அலைவது என்று காகிதங்களின் கதை ஒன்று இருக்கிறது. அதை ஆரம்பித்தால் சமையலுக்கு வரமாட்டேன், விடுங்கள்.

அம்மா எங்களோடு வரவில்லை. தம்பி குடும்பமும் பேரப்பிள்ளைகளும் அங்கே. ‘நீ போய் இரு, நான் பிறகு வாறன்’ என்றார். ஆக, அவர் பிறந்த ஊரில் நான் உப்புவெளிப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். அவர் நான் பிறந்த ஊரில் இருக்கிறார். நடுவில் வாட்ஸ்அப்.

‘எங்கட ஊர்ச் சாப்பாடு’ என்று அம்மா சொல்லித் தந்ததை அப்படியே இங்கே செய்தால் போதும் என்று நினைத்திருந்தேன். சோறு, பருப்பு, கத்தரிக்காய், வாழைக்காய்ப் பொரியல், சாம்பார், தேங்காய்ப்பாலில் வைக்கிற சொதி, அப்பளம், பாயாசம், வடை. பட்டியல் கையில் இருந்தது. சந்தையில் பயற்றங்காயும் பூசணியும் வல்லாரையும் சேர்ந்துகொண்டன. அரிசிக்குக் கவலை இல்லை. தம்பலகாமத்தில் பெரும்போக வெள்ளாமை மாசி பங்குனியில் வீடு வந்துவிடும் என்பதால், சித்திரையில் புது அரிசி தாராளமாகக் கிடைக்கிறது. தைப்பொங்கலுக்கு இந்த வசதி இல்லை. தையில் இங்கே வாடைக்காற்று மழையே பல வருடம் ஓயாதாம், முற்றத்தில் குடை பிடித்துக்கொண்டு பொங்கியவர்களும் உண்டாம்.

தயிர் கிண்ணியாவிலிருந்து. எருமைத் தயிர், மண்சட்டியில், மேலே கடதாசி கட்டி. சட்டியைச் சரித்தாலும் அசையாது. விற்கிற நானா எதிரிலேயே சரித்துக் காட்டினார். 2009-இல் பாலம் திறக்கும்வரை இந்தச் சட்டிகள் பாதையில் ஏறித்தான் கடலைத் தாண்டி வரவேண்டுமாம். பாதை என்றால் இங்கே ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை. ‘பாலத்துக்குப் பிறகு தயிர் சுகமா வருது தங்கச்சி, விலைதான் சுகமில்ல’ என்றார் நானா. வாங்கியது இரண்டு சட்டி. ஒன்று விசேஷத்துக்கு, ஒன்று வீட்டுக்குப் போகிற வழியிலேயே மகளுக்குத் திறக்க.

வருடம் பிறந்தது ஏப்ரல் 14, விடியுமுன். விசுவாவசு வருடம். வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் இன்னொன்று சொல்லும். நல்லவேளை அந்த வருடம் இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் கூட இல்லை, எதைப் பிடிப்பது என்று வீட்டில் சண்டை வரவில்லை. முன்னும் பின்னும் நாலு நாலு மணி நேரம் விஷு புண்ணியகாலம். அதற்குள் மருத்துநீர் வைத்து முழுகவேண்டும். தாழம்பூ, தாமரை, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, பால், கோசலம் என்கிற பசுமூத்திரம், கோரோசனை, மஞ்சள், மிளகு, திப்பிலி, சுக்கு என்று போட்டுக் காய்ச்சியதைக் கோயிலில் தருகிறார்கள். முதல் நாளே போத்தலில் வாங்கி வந்தோம். தலைக்கு எந்த இலை, காலுக்கு எந்த இலை என்பதும் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. முகாமில் எங்களுக்கு மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும்தான், அதுவும் தண்ணீர் வருகிற நேரத்தில். மகள் தலையில் மருத்துநீரை வைத்ததும் ‘மாட்டுக்கொட்டகை வாசம்’ என்று கத்தினாள். கோசலம் போட்டால் வேறென்ன வாசம் வரும்.

முழுகிவிட்டு வந்தபோது எதிர்ச் சிங்கள வீட்டில் வெடிச்சத்தம். அவர்கள் வருடம் மாறுகிற இடைவேளையில் அடுப்பே மூட்டமாட்டார்கள். சுபநேரம் வந்ததும் வெடி கொளுத்தி, பால் பொங்கவிட்டு, அப்புறம்தான் சமையல். எங்களுக்கு வெடி என்றால் தீபாவளி. மகள் குழம்பிப்போய், ‘அம்மா, தீபாவளியும் சேர்த்து வந்திருச்சா?’ என்றாள்.

பக்கத்து வீட்டு அன்ரியிடம் 2022 காஸ் தட்டுப்பாட்டின்போது முற்றத்தில் கட்டிய விறகடுப்பு இருக்கிறது. காஸ் திரும்பி வந்தபிறகும் அவர் அதை இடிக்கவில்லை. பொங்கல் இரண்டு வீட்டுக்கும் அதில்தான். கோலம், நிறைகுடம், புதுப்பானை. சிவப்புப் பச்சையரிசி, வறுத்த பயறு, சர்க்கரை, கஜு, முந்திரிகை வற்றல் என்கிற உலர்திராட்சை. பால் கிழக்கே வழிந்தது. அதில் அன்ரி பானையை லேசாகச் சாய்த்து வைத்ததற்கும் பங்குண்டு என்று எனக்குச் சந்தேகம், கேட்கவில்லை.

பொங்கலை இறக்கியதும் அவர் என் அடுப்படிக்கு வந்து ஓர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். உதவிக்கு என்று சொன்னார். பரிசோதனைக்கு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

சாம்பார் வரைக்கும் எல்லாம் சரி. சொதிக்கு வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உப்பு போட்டு ரெண்டாம் பாலை விட்டு அடுப்பில் வைத்தேன். வெங்காயம் வெந்து வாசம் வந்தது. இறக்கித் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழியப் போனேன்.

‘பிள்ளை, முதற்பால் எங்கை?’

முதல் பிழியில் வந்த கெட்டியான முதற்பாலைப் பாயாசத்துக்கு எடுத்து வைத்திருந்தேன். சொதிக்கு ரெண்டாம் பால் போதும் என்பதுதான் நான் வளர்ந்த வீட்டுச் சட்டம். அதைச் சொன்னேன். அன்ரி ஒன்றும் பேசவில்லை. எழும்பித் தன் வீட்டுக்குப் போய் உடைத்த தேங்காய் ஒன்றோடு வந்தார். 200 ரூபாய்த் தேங்காய். திருவலையில் உட்கார்ந்து வெள்ளைப் பூவாக மட்டும் திருவினார், ஓட்டோடு ஒட்டிய கறுப்புத் தோலில் பல் படவே இல்லை. இளஞ்சூட்டுத் தண்ணீர் அரைக் கோப்பை, ஒரு சிட்டிகை உப்பு. பூவைக் கைக்குள் வைத்துப் பிசைந்து பிசைந்து, விரல் இடுக்கில் கெட்டியாக வழியும்போதுதான் வடியில் விட்டார்.

‘இனி அடுப்பைக் குறை. பாலை விட்டுட்டு அகப்பையை எடுக்காதை, அள்ளி அள்ளி ஊத்திக்கொண்டே இரு. கொதிக்க விடாதை. கரையில நுரை கட்டேக்க இறக்கு. ஆறினாப் பிறகுதான் தேசிப்புளி.’

நான் அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தேன். கொதித்தால் பாலில் உள்ள புரதம் திரண்டு எண்ணெய் தனியாகப் பிரிந்துவிடும். சூட்டோடு புளி விட்டாலும் அதே கதிதான். ஓரத்தில் பூப்போல நுரை கூடும் வரை பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த இரண்டு நிமிடம், வாசலில் யார் கூப்பிட்டாலும் திரும்ப முடியாது. இறக்கினபோது சொதி இளமஞ்சளில், அகப்பையின் முதுகில் ஒட்டிக்கொண்டு நின்றது. நான் இத்தனை வருடம் சொதி என்று குடித்தது, மங்கலாக, அடியில் வெங்காயம் தெரிகிற ஒன்று.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டுச் சட்டியைக் காட்டினேன்.

‘முதற்பால் விட்டனியோ?’

‘அன்ரி விடச் சொன்னாங்க. நீங்க ரெண்டாம் பால் போதும்னு சொன்னீங்களேம்மா.’

‘ஓம், போதும்தானே. அங்க போதும்.’ கொஞ்சம் நிறுத்திவிட்டு, ‘எங்கட அம்மா மூண்டு தேங்காய் புழிவா’ என்றார்.

அவருக்குத் தெரியாமல் இல்லை. 10 அடிக்கு 10 அடி அறையில், கிலோ 57 பைசா ரேஷன் அரிசியில், ஒரு தேங்காயை இரண்டு நாளுக்கு ஓட்டியவர், சொதியில் முதற்பால் என்று ஒன்று உண்டு என்பதையே எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கேட்டிருப்போம். மைசூர்ப் பருப்புக்குப் பதில் துவரம்பருப்பு வந்ததும், பலகாரத்தில் அரியதரமும் சிப்பியும் காணாமல் போய் முறுக்கும் பயித்தம் பணியாரமும் மட்டும் மிஞ்சியதும் அப்படித்தான் இருக்கவேண்டும். என்ன குறைகிறது என்று தெரியாமலே வயிறு நிறைய வளர்ந்திருக்கிறோம். எனக்கு அதில் வருத்தம் எதுவும் வரவில்லை. அம்மாவின் சாமர்த்தியத்தை நினைத்து ஆச்சரியம்தான் வந்தது, கொஞ்சம் கோபமும். முப்பத்தைந்து வருடம் வாயைத் திறக்காமல் இருக்க ஒரு மனுஷியால் எப்படி முடியும்?

அன்றைக்கு அந்தப் போனை அன்ரியிடம் கொடுத்தது நல்ல யோசனையா என்று இன்னும் தெரியவில்லை. இருவரும் சாம்பல்தீவில் யார் யாருக்கு என்ன முறை என்று ஆரம்பித்து, அந்தக் காலத்துக் கோயில் திருவிழா, தெரிந்த பள்ளிக்கூட வாத்தியார், கலியாணம் முடிந்து கனடா போனவர்கள் என்று போய், என் வடைக்கு அரைத்த உளுந்து புளிக்கத் தொடங்கும்வரை பேசினார்கள். நடுவில் அம்மா ஒருமுறை அழுதார். அடுத்த நிமிடமே பூசணிக்காய்க் கறிக்குக் கடுகு அரைத்து விடச் சொல்லி எனக்குக் கட்டளை வந்தது. அதையும் முகாமில் சொன்னதில்லை.

பந்தி ஒரு மணிக்கு. கைவிசேடம் அன்ரியின் கணவர் கொடுத்தார், வெற்றிலையில் புது ரூபாய்த்தாள் வைத்து. எதிர்வீட்டிலிருந்து கொக்கிஸ், கவும் என்கிற அவர்கள் பலகாரங்களும் பாற்சோறும் ஒரு தட்டில் வந்தன. எங்கள் வடையும் பயித்தம் பணியாரமும் அதே தட்டில் திரும்பிப் போயின. தட்டை வெறுமனே திருப்பக்கூடாது என்பதில் மட்டும் மூன்று ஊருக்கும் ஒரே கொள்கை.

சொதி போன வேகம் எனக்கு எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது சாம்பார். கொங்குநாட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஒருவரிடம் அம்மா கற்று, முகாமிலேயே வறுத்து அரைத்துப் பழகிய பொடி அது. வரும்போது ஒரு டப்பா கொண்டுவந்திருந்தேன். அன்ரி இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, ‘இந்தியன் சாம்பார் நல்லாத்தான் வைக்கிறாய்’ என்றார். என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அங்கே எங்கள் வீட்டு மீன்குழம்பு வாசம் வந்தால், ‘சிலோன்காரங்க வீட்டுல சமைக்கிறாங்க’ என்பார்கள்.

மறுநாள் அன்ரி ஒரு வெறும் போத்தலோடு வந்தார். சாம்பார்ப் பொடிக்கு. பாதி டப்பாவைக் கொட்டிக் கொடுத்தேன். பதிலுக்கு அவர் கறித்தூள் தந்தார். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை எல்லாம் தனித்தனியாக, கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் நிறுத்தி வறுத்தது. போத்தலைத் திறந்தாலே தும்மல். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டு வறுக்கிறவர்களைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. இது தீர்ந்ததும் சாமான்களை வாங்கிக்கொண்டு மில்லுக்கு வரச் சொல்லியிருக்கிறார், காலையில் முதல் ஆளாக. முந்தின ஆள் மஞ்சள் அரைத்துவிட்டுப் போயிருந்தால் தூள் கெட்டுப்போகுமாம்.