சின்ன வெங்காயத்தில் சிறுத்தைக் கால்

அக்டோபர் முதல் வாரம், வனவிலங்கு வாரம் வந்துவிட்டால் மும்பையில் எங்கள் முலுண்டில் ஸ்டேஷனரி கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான். காகிதத் தட்டைச் சுற்றி ஆரஞ்சு நூல் ஒட்டினால் சிங்கம், அதே தட்டில் பெரிதாக இரண்டு காது ஒட்டினால் யானை, கறுப்புக் கோடு போட்டால் வரிக்குதிரை. ராத்திரி பத்து மணிக்கு அம்மாக்கள் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருப்பார்கள், அது வேறு விஷயம். ஒட்டி முடித்த பிள்ளையிடம் "சரி, இது எங்கே தூங்கும், யாருக்குப் பயப்படும், ராத்திரியில் என்ன செய்யும்?" என்று கேட்டுப் பாருங்கள், திருதிருவென்று முழிக்கும். பிள்ளை மேல் தப்பில்லை. தட்டைச் சிங்கமாக்க சிங்கத்தைப் பற்றி எதுவுமே தெரிய வேண்டாம்.

காட்டு விளையாட்டும் இந்த லட்சணம்தான். பிள்ளை எப்போதும் ஜீப்பில் போகிற வீரன், கையில் அட்டைச் சுருள் பைனாகுலர், தலையில் தொப்பி. மிருகம் என்றால் தூரத்தில் உறுமும், இல்லையென்றால் யாராவது வந்து காப்பாற்றட்டும் என்று கிடக்கும். அதனால் எங்கள் வீட்டில் ஜீப் கிடையாது. மிருகமாக இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் ஆட்டம், அந்த மிருகத்தால் எது முடியாதோ அது உனக்கும் முடியாது. கைவேலை என்று எதைச் செய்தாலும் அது ஆட்டத்துக்கு உதவ வேண்டும், சுவரில் தொங்குவதற்காகச் செய்யக்கூடாது. என் மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு ஐந்து, கூடவே மாடியிலும் கீழ்த்தளத்திலும் இருக்கிற மராத்தி, குஜராத்திப் பிள்ளைகள். எல்லோரும் இந்த விதிக்குப் பழகிவிட்டார்கள்.

ஆப்பிரிக்காவுக்குப் போகத் தேவையே இல்லை. எங்கள் கட்டடத்தின் பின்பக்கம் தெரிகிற மலை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. கிட்டத்தட்ட 104 சதுர கிலோமீட்டர், உள்ளே துளசி ஏரி, விஹார் ஏரி, கான்ஹேரிக் குகைகள், அப்புறம் சிறுத்தைகள். ராத்திரியில் அவை காட்டோரத்துக் குடியிருப்புகள் வரைக்கும் வந்து தெருநாயைப் பிடித்துக்கொண்டு போகும். சொசைட்டி வாட்ஸ்அப்பில் மாதம் ஒரு சிசிடிவி வீடியோவாவது வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றித் தெரியாமல் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்து எவ்வளவு நீளம் என்று படித்து என்ன ஆகப்போகிறது?

முதல் ஆட்டம் ராத்திரி நடை. ஹால் விளக்கை அணைத்துவிடுவோம். என் மாமியார், பிள்ளைகளுக்கு ஆச்சி, களக்காட்டுக்காரர், அவர்தான் வாட்ச்மேன். நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார், கையில் ஒரு டம்ளரும் ஸ்பூனும். பால்கனியிலிருந்து அடுப்படி வரை சிறுத்தை போக வேண்டும். சத்தம் கேட்டால் ஆச்சி டங்கென்று டம்ளரைத் தட்டுவார், சிறுத்தை பால்கனிக்குத் திரும்ப வேண்டும். ஓடி ஜெயிக்க முடியாது. சிறுத்தை பதுங்கி, முடிந்த அளவு கிட்டே போய்த்தான் பாயும், ரொம்ப தூரம் துரத்தாது. நான் ஒன்றும் சொல்லவில்லை, முதல் தடவை ஆச்சி தட்டினதுமே மகள் உட்கார்ந்து கொலுசைக் கழற்றி ஷூ ரேக் மேல் வைத்துவிட்டாள்.

அடுத்து கால். பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைப் புதிதாக வாங்கி நறுக்கி, தலைக்குப் போடுகிற ரப்பர் பேண்டால் உள்ளங்காலில் கட்டிக்கொண்டார்கள். சத்தம் பாதியாகக் குறைந்தது. அப்போதுதான் நகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. இரண்டாவது மாடி லாப்ரடார் காரிடாரில் நடந்தால் டைல்ஸில் டக் டக் என்று கேட்கும், பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். நாய்க்கு நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. சிறுத்தைக்கு முடியும், நடக்கும்போது நகம் உறைக்குள் போய்விடும், மரம் ஏறவும் இரையைப் பிடிக்கவும்தான் வெளியே வரும். அதனால்தான் மண்ணில் பதிகிற தடத்திலும் நாய்க்கு நகக்குறி இருக்கும், சிறுத்தைக்குப் பொதுவாக இருக்காது.

தடம் செய்ய ஒரு உருளைக்கிழங்கும் நாலு சின்ன வெங்காயமும் போதும். கிழங்கை இரண்டாக வெட்டி, வெட்டின முகத்தின் பின் ஓரத்தில் இரண்டு சின்னப் பள்ளம் எடுக்க வேண்டும், அப்போதுதான் அந்த ஓரம் மூன்று மடிப்பாகத் தெரியும், பூனைக் குடும்பத்துக் கால் திண்டின் அடையாளம் அது. (கத்தி வேலை பெரியவர்களுக்கு.) விரலுக்குச் சின்ன வெங்காயத்தை நீளவாக்கில் வெட்டினால் நீள்வட்டமாக அச்சு விழும். முன்காலில் ஐந்து விரல் இருந்தாலும் ஐந்தாவது மேலே தூக்கி இருப்பதால் தரையில் படாது, ஆகவே நாலு தடம். நாலையும் ஒரே வரிசையில் வைத்தால் தப்பு, ஒரு விரல் கொஞ்சம் முன்னே நிற்கும். மொத்தத் தடமும் சுமார் ஏழு சென்டிமீட்டர் அகலம், என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அவ்வளவு சின்னதா என்று பிள்ளைகளுக்கு ஏமாற்றம், புலி மாதிரி எதிர்பார்த்திருந்தார்கள். மைக்கு ஆச்சியின் காவிப் பொடி, கோலத்துக்கு வைத்திருந்தது. நாய்த் தடம் வேண்டுமென்றால் ஒவ்வொரு விரலுக்கும் முன்னால் தீக்குச்சி முனையால் ஒரு புள்ளி. மழைக்காலத்தில் பார்க்கிங் பின்னால் சேற்றில் ஒரு தடத்தைச் சுற்றி இவர்கள் குந்தி உட்கார்ந்து, செக்ரட்டரி அங்கிளைக் கூப்பிட்டு, "நகம் இருக்கு அங்கிள், நாய்தான்" என்று தீர்ப்புச் சொன்னது தனிக் கூத்து.

புள்ளிகளுக்குப் பழைய பெட்ஷீட். சிறுத்தையின் உடம்பில் பெரும்பாலும் நிறைந்த பொட்டு கிடையாது, கறுப்புத் துண்டுகள் வளையமாக நிற்கும், நடுவில் உடம்பு நிறமே கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். விரல் நுனியால் நாலைந்து ஒற்று வட்டமாக வைத்தால் வந்துவிடும். ஒற்றை ஒற்று மட்டும் வைத்தால் அது சிவிங்கிப்புலி (சீட்டா), 2022-ல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ பூங்காவுக்குக் கொண்டுவந்தார்களே, அது. இரண்டு சிறுத்தைகளுக்கு ஒரே புள்ளி அமைப்பு இருக்காது, காட்டில் கேமரா வைத்துப் படம் பிடித்து ஆளை அடையாளம் காண்பது இதை வைத்துத்தான். நாங்களும் போனை ஷூ ரேக்கில் சாய்த்து வைத்து, போர்வை போர்த்திய முதுகுகளை மட்டும் படமெடுத்து, எது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லுவோம்.

எல்லா ஆட்டத்திலும் எனக்குப் பிடித்தது இடம் மாற்றுகிற ஆட்டம். சிறுத்தை வீடியோ வந்த உடனே சொசைட்டியில் பெரியவர்கள் சொல்லுகிற முதல் வார்த்தை, "பிடிச்சு வேற எங்கயாவது கொண்டுபோய் விடுங்கப்பா." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒரு நாள் சிறுத்தையாக இருந்த மகனைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு போய் ஐந்தாவது மாடியில் தெரிந்தவர் வீட்டு ஹாலில் விட்டோம், அவர்களிடம் முன்பே சொல்லியாகிவிட்டது. அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு சிறுத்தை உண்டு, அவர்கள் பையன். இவனுக்கு அடுப்படி எந்தப் பக்கம், தண்ணீர் எங்கே, எந்தக் கதவு கிறீச்சிடும், ஒன்றும் தெரியாது. அந்தப் பையன் "இது என் இடம்" என்று உறுமுகிறான். இவன் மேஜையில் முட்டி, ஸ்டூலைத் தள்ளி, கடைசியில் நேராக வாசலைப் பார்த்து ஓட்டம், எங்கள் வீட்டுக்கு. வழியில் லிஃப்ட் வாசலில் நின்ற ஒரு பெரியம்மா மேல் மோதினான். அந்த மோதல்தான் விஷயமே. வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா புனே மாவட்டத்து ஜுன்னர் பக்கம் சிறுத்தைகளை ஆராய்ந்து சொன்னதும் இதை ஒட்டியதே, பிடித்து வேறிடத்தில் விடுவதால் தாக்குதல் குறையவில்லை, கூடவே செய்தது. 2004 வாக்கில் எங்கள் பூங்காவைச் சுற்றித் தாக்குதல்கள் மளமளவென்று அதிகமாகி மனிதர்கள் செத்தார்கள், அந்தக் காலத்தில் வெளியூர்களில் பிடித்த சிறுத்தைகளையும் இங்கே கொண்டுவந்து விட்டிருந்தார்கள். இதையெல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாயால் விளக்கியிருந்தால் கொட்டாவி விட்டிருக்கும்.

பயம் வராதா என்று என் தங்கை போனில் கேட்டாள். கொஞ்சம் வரட்டும், வர வேண்டியதுதான். இருட்டினபிறகு தனியாகப் பின்பக்கம் போகாதே, போனால் பேசிக்கொண்டே கூட்டமாகப் போ, இருட்டில் குந்தி உட்காராதே, பார்த்துவிட்டால் முதுகைக் காட்டி ஓடாதே, அதுக்குப் போக வழி விடு. குப்பை கிடந்தால் நாய் வரும், நாய் வந்தால் சிறுத்தை வரும் என்பதும் இந்தப் பட்டியலில் சேர்த்தி. குப்பைத் தொட்டியை மூடாதவர்களைப் பார்த்து என் மகள் முறைக்கிற முறைப்பு இருக்கிறதே, எனக்கே கூச்சமாக இருக்கும்.

இங்குள்ள வார்லி பழங்குடி மக்கள் வாகோபா என்று பெரும்பூனையைத் தெய்வமாக வைத்துக் கும்பிடுகிறார்கள், பூங்காவுக்குள்ளேயே அதற்குக் கோயில்கள் உண்டு, தீபாவளியை ஒட்டி வருகிற வாக்பாரஸ் அன்று விசேஷம். அவர்கள் மண் சுவரில் வரைகிற வெள்ளை ஓவியத்துக்கு அரிசி மாவுக் கரைசல்தான் மை. ஆச்சிக்கு இதைச் சொன்னதும் "மாக்கோலம்தானே" என்று அரிசியை ஊறப்போட்டுவிட்டார். பழுப்புக் காகிதத்தில் அவர் கை இழுத்த கோட்டுக்குப் பிள்ளைகள் மட்டுமில்லை, மாடி வீட்டு மராத்தி ஆயியும் வந்து நின்று வேடிக்கை பார்த்தார்.

தானே கழிமுகத்துப் பூநாரைகளுக்கு (ஃபிளமிங்கோ) ஆட்டம் குளியலறையில். நவம்பர் வாக்கில் வந்து மே கடைசி வரை சேற்றில் மேயும். 2015-ல் அந்த இடத்தைச் சரணாலயமாக அறிவித்தார்கள், 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அகலமான டப்பில் தண்ணீர், ஒரு பிடி மண், ஒரு ஸ்பூன் கடுகு. பிள்ளைக்குக் கொடுப்பது டீ வடிகட்டி ஒன்றுதான். தலையைக் கவிழ்த்து, ஒற்றைக் காலில் நின்று, மறு காலால் சேற்றைக் கலக்கி, வடிகட்டியால் அள்ள வேண்டும். மண்ணும் தண்ணீரும் ஒழுகிவிடும், கடுகு நிற்கும். பூநாரையின் அலகு ஓரத்திலும் இப்படி ஒரு சல்லடை உண்டு, நாக்கை முன்னும் பின்னும் ஆட்டித் தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். ரோஸ் நிறம் சாப்பாட்டிலிருந்து வருவது, பாசியிலும் சின்னஞ்சிறு கூனிகளிலும் இருக்கிற நிறமி. அதனால் குஞ்சு செய்யும்போது ரோஸ் பெயின்ட்டைத் தர மாட்டேன், சாம்பல்தான். இதற்கு அழுகை உண்டு, சமாளியுங்கள். நேரில் பார்க்க வேண்டுமானால் ஐரோலியில் கடலோரப் பல்லுயிர் மையத்திலிருந்து படகு விடுகிறார்கள்.

தூங்கப் போகிற நேரத்துக்கு பஸ். 2023 செப்டம்பரில் மும்பையில் நிறுத்தின அந்தப் பழைய சிவப்பு டபுள் டெக்கர், இப்போது எங்கள் படுக்கையறையில் மட்டும் ஓடுகிறது. நான் கண்டக்டர், பிள்ளைகள் ஆளுக்கொரு மிருகமாக ஏறுவார்கள். டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, அந்த மிருகத்தைப் பற்றி நேற்றுச் சொல்லாத ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எறும்புத்தின்னியாக ஏறிய மகனுக்கு பஸ்ஸில் வேர்க்கடலை கொடுத்தேன், "எனக்குப் பல்லே இல்லை" என்று திருப்பிக் கொடுத்தான், அதையே டிக்கெட்டாக எடுத்துக்கொண்டேன். ஜூலையில் பூநாரை ஏற முடியாது, அது கட்ச் பக்கம் போயிருக்கும்.

போன வாரம் ஆச்சி, தன் ஊர்க்காரர் ஒருவரும் பஸ்ஸில் வர வேண்டும் என்றார். களக்காட்டு மலையில் இருக்கிற சிங்கவால் குரங்கு. அது மரத்தின் உச்சியிலேயே காலம் தள்ளுகிற ஜாதி, தரையில் இறங்குவது அபூர்வம், மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. பிறகு எப்படி ஸ்டாப்பில் நின்று பஸ் ஏறும்? மகள் ரொம்ப யோசித்து, மரத்திலிருந்து நேராக மேல்தளத்து ஜன்னல் வழியாக ஏறட்டும் என்றாள். மரமே இல்லாத இடத்தில்? வால்பாறையில் சாலையால் பிரிந்துபோன மரங்களுக்கு நடுவே மேலே பாலம் கட்டிவிட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன், அவ்வளவுதான். என் துப்பட்டா இரண்டும் ஆச்சியின் பழைய சேலை ஒன்றும் ஜன்னல் கம்பியிலிருந்து பீரோ கைப்பிடி வரை, அங்கிருந்து கதவுக் கொக்கி வரை தொங்குகின்றன. பொம்மைக் குரங்கு கடந்தால் போதாதாம், வாயில் பலாக்கொட்டையோடு கடக்க வேண்டுமாம், கன்னப் பை இருக்கிறதே. பலாக்கொட்டையின் கனத்தில் நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டுவிடுகிறது, தொட்டால் ஆட்டம் செல்லாது. இப்போது என் புருஷன் துணிக்கொடிக் கயிறு வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார்.