ஊட்டியில் ஈரத்துணி

டிசம்பர் 14
மதுரையில் காலையில் போட்ட துணியை மதியச் சாப்பாட்டுக்கு முன் மடித்துவிடலாம். இங்கே ஊட்டியின் காந்தல் பகுதியில், நான்கு நாளைக்கு முன் கொடியில் போட்ட ஜீன்ஸ் இடுப்புப் பக்கம் இன்னும் சொதசொதவென்றிருக்கிறது. வெளியே விடாத மூடுபனி. காற்றே நனைந்து கிடக்கும்போது துணியின் ஈரம் எங்கே போகும்?

டிசம்பர் 17
அறைக்குள் கொடி கட்டி, ஜன்னலை அடைத்து, ஹீட்டர் போட்டேன். காலையில் கண்ணாடியெல்லாம் நீர் வழிகிறது. அலமாரிக்குப் பின்னால் சுவரில் பூஞ்சை. துணியை விட்ட தண்ணீர் வீட்டை விட்டுப் போகவில்லை.

கரி அடுப்பு மூட்டலாமா என்று கேட்டதற்கு வீட்டுக்கார அம்மாவிடம் நல்ல திட்டு. "கரியை மூட்டிக் கதவைச் சாத்திட்டுப் படுத்தா, காலையில எந்திரிக்க மாட்டே தம்பி." உண்மைதான். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது.

டிசம்பர் 21
துணியை எடை போட்டேன். உலர்ந்தபோது 3 கிலோ. மெஷினிலிருந்து எடுத்தபோது 5. இன்னொரு முறை ஸ்பின் மட்டும் விட்டேன்: 4.6. ஏறக்குறைய 400 மில்லி தண்ணீர் சில நிமிடத்தில் போனது!

அப்புறம், துணிமேல் காற்று ஓடட்டும் என்று டேபிள் ஃபேன் வாங்கப் போனேன். டிசம்பரில், ஊட்டியில். கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவி தாங்கும். 5 டிகிரியில் 7 கிராம்கூட இல்லை. அதனால் ஹீட்டரும் வேண்டும், ஈரக்காற்று வெளியேற ஜன்னலில் ஓர் இடுக்கும் வேண்டும். சரி, மின் கட்டணம் வரட்டும், பார்ப்போம்.

ஜனவரி 4
உறைபனி. புல்லெல்லாம் வெள்ளை. ராத்திரி மறந்து வெளியே விட்ட லுங்கி கருவாடாக விறைத்து நிற்கிறது. இன்று துவைப்பதில்லை என்று நான் போர்வைக்குள் போனால், அந்த அம்மா ஏழு மணிக்கே வாளியோடு நிற்கிறார். "பனி விழுந்த அன்னிக்குத்தான் துவைக்கணும்."

யோசித்தால் சரிதான். மேகமில்லாத இரவில்தான் தரையின் சூடு மேலே போய்ப் பனி உறைகிறது; அதே தெளிந்த வானம்தான் பகலில் சுள்ளென்ற வெயிலும் தருகிறது. ஆனால் மூன்றரை மணிக்குள் எடுத்துவிட வேண்டுமாம். வெயில் இறங்கினால் துணி மறுபடி ஈரம் குடிக்கும்.

ஜனவரி 9
மறுபடி பனி, மறுபடி துவையல். ஜீன்ஸை உள்புறம் திருப்பிப் போட்டேன். மாலையில் தொட்டால் ஈரமா, வெறும் குளிரா என்று கைக்குத் தெரியவில்லை. கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார் அம்மா. காய்ந்திருந்தது, பைகளைத் தவிர.