செல்லோவுக்கும் ஒரு பயணச்சீட்டு

ஹூஸ்டனில் இளங்கலை இசைப் படிப்பின் இறுதியாண்டில் இருந்தபோது, இந்தியானா பல்கலைக்கழகத்தின் ஜேக்கப்ஸ் இசைப் பள்ளியில் செல்லோ முதுகலைக்கு விண்ணப்பித்திருந்தேன். செல்லோ என்பது வயலின் குடும்பத்தைச் சேர்ந்த, உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வில் வாத்தியம். பிப்ரவரியில் நேரில் வந்து வாசித்துக் காட்டுமாறு அழைப்பு வந்தது. புகழ்பெற்ற செல்லோ கலைஞர் யானோஸ் ஸ்டார்க்கர் 1958இல் கற்பிக்கத் தொடங்கி 2013இல் மறையும்வரை இருந்த, புளூமிங்டன் ஊரின் பள்ளி அது. செல்லோ எடுத்தவர்கள் அந்த ஊரின் பெயரைக் கேட்டாலே சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். பாடத்தை ஓராண்டாகச் சாதகம் செய்திருந்ததால் வாசிப்பதைப் பற்றி எனக்குப் பெரிய கலக்கம் இல்லை. கலக்கமெல்லாம் செல்லோவை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில்தான் இருந்தது.

வயலினைத் தலைக்குமேல் உள்ள அடுக்கில் வைத்துவிடலாம். செல்லோவை வைக்க முடியாது. சரக்கறையில் போடத் துணிந்த நண்பர் ஒருவருக்குக் கழுத்து முறிந்த வாத்தியம்தான் திரும்பக் கிடைத்தது என்பதால், அதற்கென்று தனி இருக்கை வாங்கினேன். இதை இணையத்தில் பதிவு செய்யாமல் தொலைபேசியில் அழைத்துச் செய்வதே நல்லது. 'கேபினில் வரும் சுமை' என்ற குறிப்போடு பதிவாக வேண்டும், சன்னலோர இருக்கையாக இருக்க வேண்டும், அவசர வழி உள்ள வரிசையாக இருக்கக் கூடாது. முழுக் கட்டணம் செலுத்தினாலும் செல்லோவுக்குப் பெரும்பாலும் பயணப் புள்ளிகள் சேராது. புகழ்பெற்ற செல்லோ கலைஞர் லின் ஹாரெல், தம் வாத்தியத்தின் பெயரில் புள்ளிகள் சேர்த்ததற்காக 2012இல் ஒரு விமான நிறுவனத்தின் அந்தத் திட்டத்திலிருந்தே நீக்கப்பட்டார். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான்: "அதுக்கும் சேத்து சாப்பாடு குடுப்பாங்களாடா?"

இத்தனைக்குப் பிறகும், விமானத்தில் ஏறும் வாயிலில் இருந்த ஊழியர் பெட்டியைக் கீழே அனுப்பத்தான் வேண்டும் என்றார். அமெரிக்காவின் 2012ஆம் ஆண்டு விமானப் போக்குவரத்துச் சட்டத்தின்படி 2015இல் நடைமுறைக்கு வந்த விதியை அச்சிட்டு வைத்திருந்தேன். இருக்கைக்குப் பணம் கட்டியிருந்து, பெட்டியோடு சேர்த்து எடை 165 பவுண்டுக்கு மிகாமல், அளவும் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டிருந்தால், பெரிய வாத்தியத்தைக் கேபினில் அனுமதிக்க வேண்டும் என்கிறது அது. என்னுடையது அந்த எடையில் பத்தில் ஒரு பங்குகூட வராது. குரலை உயர்த்தாமல் தாளை நீட்டியதும் அவர் மேலாளரை அழைத்தார். கடைசி ஆளாக ஏறினேன். பெட்டியைத் தலைகீழாக நிறுத்தி, இருக்கை வாரை நீட்டிக்கும் பட்டையைக் கேட்டு வாங்கி இடுப்பில் கட்டினேன். பணிப்பெண் சிரித்துக்கொண்டே இரண்டு பொட்டலம் பிரெட்செல் வைத்துவிட்டுப் போனார்.

இண்டியானாபொலிஸில் இறங்கி, பேருந்தில் சுமார் 80 கிலோமீட்டர் தெற்கே போனால் புளூமிங்டன். வழியெல்லாம் பனி. தேர்வுக்கு முதல்நாள் மாலையே போய்விட்டேன், அதுவும் போதவில்லை என்று அன்றிரவே தெரிந்தது. ஹூஸ்டனின் ஈரக்காற்றில் ஊறிய மரம், வெப்பமூட்டிய விடுதி அறையின் வறண்ட காற்றில் சுருங்கத் தொடங்கும். இரவு பத்து மணிக்குப் பெட்டிக்குள்ளிருந்து 'டர்ர்' என்று ஓர் ஓசை கேட்டது. திறந்து பார்த்தால் மேல் தந்தியை முறுக்கும் ஆணியான பிரடை வழுகி, தந்தி தொய்ந்து கிடந்தது. மற்றத் தந்திகளும் தளர்ந்தால், அவற்றைத் தாங்கும் குதிரை என்ற மரப்பலகை சாயும், குதிரை சாய்ந்தால் உள்ளே இருக்கும் சிறு மரத்தூண் விழும், அதன்பின் வாத்தியம் செய்பவரிடம்தான் போக வேண்டும். பிரடையை வெளியே எடுத்து, சாக்குக்கட்டியைத் தேய்த்து, உள்ளழுத்திக்கொண்டே முறுக்கினேன். உள்ளே ஈரம் தரும் பச்சை ரப்பர்க் குழாய் ஒன்றை நனைத்து, பிழிந்து, மேற்பலகையின் துளை வழியாக உள்ளே தொங்கவிட்டேன். குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு ஆவியை அறைக்குள் பரவவிட்டேன். புதிதாக ஏற்றிய தந்தி சுருதியில் நிற்காது என்பது நமக்குத் தெரிந்ததுதானே. தொய்ந்து ஏறிய தந்தியும் அப்படித்தான். நள்ளிரவுவரை கால்மணிக்கொரு முறை சுருதி சேர்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அறைக்குள் மூன்று ஆசிரியர்கள். பாக் தனிச் செல்லோவுக்கு எழுதிய மூன்றாம் தொகுப்பின் முன்னிசையோடு தொடங்கினேன். மேல் ஸட்ஜமத்திலிருந்து அடித் தந்தியின் ஸட்ஜமம்வரை ஒரே இறக்கமாக வரும் தொடக்கம் அது. சுருதி எங்கே பிசகினாலும் முதல் வரியிலேயே அம்பலமாகிவிடும். பிசகவில்லை. பாதியில் நிறுத்தி, துவோர்ஷாக் செல்லோவுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய கான்செர்ட்டோவின் முதற்பகுதியைக் கேட்டார்கள். அதையும் நடுவிலேயே நிறுத்தினார்கள். நிறுத்துவது பிடிக்காததால் அல்ல, நேரம் போதாததால் என்று என் ஆசிரியர் முன்பே சொல்லியிருந்தார். ஆனாலும் அந்த நொடியில் வயிற்றைப் பிசையத்தான் செய்தது. முதுகலையில் எதைக் கற்க விரும்புகிறாய் என்று ஒருவர் கேட்டார். நான் தயாரித்து வைத்திருந்த பதிலை மறந்துவிட்டு, வலக்கை வில்லின் எடையைப் பற்றி எனக்கு உண்மையாகவே புரியாத ஒன்றைச் சொன்னேன். அவர் தன் வில்லை எடுத்து இரண்டு நிமிடம் காட்டிக்கொடுத்தார். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம் இருக்கலாம்.

மார்ச் நடுவில் அனுமதிக் கடிதம் வந்தது. கட்டணத்தில் ஒரு பகுதிக்கு உதவித்தொகை தருவதாகவும், ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். மீதித் தொகைக்கு வழி தெரிய மூன்று வாரம் ஆயிற்று; 14ஆம் தேதி இரவு சம்மதம் அனுப்பினேன்.