பழைய திரிகளைப் பூட்டப் போய் நான் பட்ட பாடு

பழைய திரிகளை மொத்தமாகப் பூட்டும் பொத்தானை அழுத்தியது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். (ஒரு கேள்வியும் அதன் கீழ் வரும் பதில்களும் சேர்ந்ததுதான் திரி. பூட்டினால் அதில் யாரும் பதில் எழுத முடியாது.) சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எங்கள் இணைய மன்றத்தின் முகப்பு முழுக்க எட்டு வருடத்துக்கு முந்தைய திரிகள். "பிரிண்டர் பேப்பரை விழுங்குகிறது", "மிக்ஸி புகைகிறது", "ரிமோட் வேலை செய்யவில்லை, அவசரம்!!!" என்று வரிசையாக நிற்கின்றன. எல்லாவற்றிலும் கடைசிப் பதிவு என்னுடையதுதான்: "நீண்ட நாளாகப் பதிவு இல்லாததால் இந்தத் திரி பூட்டப்படுகிறது."

சும்மா பூட்டினால் மரியாதையாக இருக்காது, ஒரு வரி எழுதிவிட்டுப் பூட்டுவோம் என்று நினைத்திருந்தேன். புதுப் பதிவு விழுந்தால் திரி மேலே ஏறும் என்பது நேற்று சேர்ந்த உறுப்பினருக்குக்கூடத் தெரியும். நான்கு வருடமாக மட்டுறுத்துநராக, அதாவது பதிவுகளை மேற்பார்வை பார்க்கிறவனாக இருக்கும் எனக்கு அந்த நேரத்தில் அது தோன்றவே இல்லை. மொத்தம் 412 திரிகள். அவற்றைப் பின்தொடர்ந்தவர்களுக்கெல்லாம் திரிக்கு ஒரு மின்னஞ்சல் வேறு போயிருக்கிறது. ஒருவருக்கு மட்டும் 37 வந்ததாம். "என் வாழ்நாளில் இந்த மன்றம் என்னை இவ்வளவு நினைத்ததில்லை" என்று எழுதியிருந்தார். அன்று காலை கேட்ட புதுக் கேள்விகள் ஒன்பதாம் பக்கத்தில் கிடந்தன.

முதல் எச்சரிக்கை அதனால் இதுதான்: அறிவிப்பைப் பதிலாகப் போடாதீர்கள். திரியின் முதல் பதிவைத் திருத்தி, அதன் தலையில் ஒரு வரி சேருங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் திருத்தம் திரியை மேலே தள்ளாது, யாருக்கும் மின்னஞ்சலும் போகாது. தேடுபொறி வழியாக வருகிறவர் முதலில் பார்ப்பதும் அந்த இடத்தைத்தான். முதலில் இரண்டே திரிகளில் செய்து பார்த்துவிட்டு மற்றவற்றில் கை வையுங்கள். நான் 412-ல் செய்து பார்த்தேன்.

எதற்கு இந்த வேலையில் இறங்கினோம் என்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டுச் சாதனங்களைப் பழுது பார்க்கிறவர்களுக்கான மன்றம் எங்களுடையது. மட்டுறுத்துநர்கள் மூன்று பேர், சம்பளம் கிடையாது. செத்துப்போன திரிகளை யாராவது தோண்டி எடுத்து "எனக்கும் இதே பிரச்சினை" என்று எழுதுவது ஒரு தொல்லை. ஸ்பேம் அதைவிடப் பெரிய தொல்லை. இப்போதெல்லாம் ஸ்பேம் போடுகிறவர்கள் வந்தவுடன் விளம்பரம் போடுவதில்லை. யாரும் எட்டிப் பார்க்காத ஐந்து வருடப் பழைய திரியில் "பயனுள்ள தகவல், நன்றி" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போவார்கள். நாமும் பாவம், புது உறுப்பினர் என்று விட்டுவிடுவோம். மூன்று வாரம் கழித்து அதே பதிவைத் திருத்தி உள்ளே நான்கு சுட்டிகளைச் செருகிவிடுவார்கள். திருத்தியது யார் கண்ணிலும் படாது. அப்படி ஒரே மாதத்தில் பதினொன்றைப் பிடித்தோம்.

ஆறு மாதம் சும்மா கிடந்தால் பூட்டிவிடுவது என்று முடிவெடுக்க எங்களுக்கு இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ரெடிட் என்ற விவாதத் தளத்தில் நெடுங்காலம் அப்படித்தானே இருந்தது என்றார் ஒருவர். உண்மைதான், ஆறு மாதம் ஆன பதிவுகள் அங்கே தானாகவே முடங்கிவிடும். ஆனால் 2021-ல் அவர்களே அதைத் தளர்த்தி, முடக்குவதா வேண்டாமா என்பதை அந்தந்தக் குழுவே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பாதியை எங்களில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

மின்னஞ்சல் கோபம் இரண்டு நாளில் அடங்கியது. அதன் பிறகுதான் உண்மையான புகார்கள் வர ஆரம்பித்தன.

முதலில் வந்தவர் ஒரு பிரிட்ஜ்காரர். காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறது என்று ஒருவர் கேட்ட பழைய திரி அது. கதவு ரப்பரை மாற்றுங்கள் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். இவரும் அதே தொல்லையோடு அந்தத் திரியில் சேர்ந்துகொண்டவர். ரப்பரை மாற்றியும் நிற்கவில்லை. உள்ளே உருகும் பனி நீர் வெளியேறும் துளை அடைத்திருக்கிறது என்று அவரே கண்டுபிடித்து வெந்நீர் ஊற்றித் திறந்திருக்கிறார். இரண்டு வாரத்தில் மறுபடி உறைந்து அடைத்துக்கொண்டது. கடைசியில் பனி உருக்கும் ஹீட்டரில் ஒரு தடித்த செம்புக் கம்பியைக் கொக்கி போல மாட்டி, மறு நுனியைத் துளைக்குள் இறக்கிவிட்டிருக்கிறார். ஹீட்டர் சூடாகும்போதெல்லாம் கம்பி வழியாகச் சூடு இறங்கித் துளை அடைக்காமல் இருக்கிறது.

அவர் தனிமடலில் எனக்கு எழுதியது இது: "உடனே எழுதினால் பாதிச் செய்தியாகிவிடும், நிஜமாகவே நின்றுவிட்டதா என்று எட்டு மாதம் பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன். இன்று வந்தால் பூட்டு தொங்குகிறது."

இதைப் படித்தபோது கொஞ்சம் கூசிப் போனேன். பழுது வேலையில் ஒரு வைத்தியம் நிலைக்கிறதா என்று தெரியவே பல மாதம் ஆகும். நாங்கள் வைத்த கெடு, பொறுமையாகச் சோதித்துவிட்டு வருகிறவரைத் துரத்திவிட்டு, பார்த்த அன்றே "சரியாகிவிட்டது போலிருக்கிறது" என்று எழுதிவிட்டுப் போகிறவரை வைத்துக்கொள்ளும் கெடு.

அடுத்தவர் தன் கைபேசி எண்ணை நீக்கக் கேட்டார். பல வருடத்துக்கு முன் ஏதோ ஒரு உதிரிபாகம் தருவதாக ஒரு திரியில் எண்ணைப் போட்டிருக்கிறார். திருத்தப் போனால் முடியவில்லை. எங்கள் மென்பொருளில் திரியைப் பூட்டினால் பதில் எழுதுவது மட்டும் நிற்பதில்லை, தன் சொந்தப் பதிவையே திருத்த முடியாது. பிஎச்பிபிபி என்ற மன்ற மென்பொருளிலும் இப்படித்தான். டிஸ்கோர்ஸ் என்ற இன்னொரு மென்பொருளில் திரியை மூடுவது மட்டும் பதிவைத் திருத்துவதைத் தடுக்காது. உங்கள் மென்பொருளில் பூட்டு எதையெல்லாம் தடுக்கிறது என்று ஒரு சாதாரண உறுப்பினர் கணக்கில் நுழைந்து பாருங்கள். மட்டுறுத்துநர் கணக்கில் பார்த்தால் எல்லாக் கதவும் திறந்துதான் தெரியும்.

மூன்றாவதைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் இறந்தபோது அவருக்காகத் தொடங்கிய திரி ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒருமுறை அந்தத் தேதியில் நாலைந்து பேர் வந்து எழுதுவார்கள். மீதி நாளெல்லாம் அமைதியாகத்தான் கிடக்கும். ஆறு மாத விதிக்குள் அழகாக விழுந்துவிட்டது. "நீண்ட நாளாகப் பதிவு இல்லாததால்" என்ற என் வரி அதன் அடியிலும் இருந்தது. அவருடைய மகள் பார்த்துவிட்டார். திட்டவில்லை. "பரவாயில்லை சார், படிக்க முடிகிறதல்லவா, அது போதும்" என்று மட்டும் எழுதினார். திட்டியிருந்தால் தேவலை.

சரி, எல்லாவற்றையும் திறந்துவிடலாம் என்றால் அங்கேயும் ஒரு கூத்து. மொத்தமாகப் பூட்டும் உரிமை எங்கள் மூவருக்கும் இருந்தது. மொத்தமாகத் திறக்கும் உரிமை தலைமை நிர்வாகிக்கு மட்டும்தான். அவர் வெளியூர் போய்விட்டார், பன்னிரண்டு நாள் ஆளைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாகத் திறக்கலாம், திரிக்கு நான்கு சொடுக்கு. கையால் 40 திறந்ததும் மணிக்கட்டு வலி. வேலையைத் தொடங்கும் முன், அதே வேலையைத் திருப்பிச் செய்ய யாருக்கு உரிமை இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் ஊரில் இருக்கிறாரா என்றும்.

ஒரு விஷயத்தில் மட்டும் தப்பித்தேன். சில மன்ற மென்பொருள்களில் பழைய திரிகளைக் களையெடுக்க என்றே தனி வசதி இருக்கும். நாள் கணக்கைக் கொடுத்தால் போதும். பெயரைப் பார்த்தால் ஒழுங்குபடுத்துவது போல இருக்கும், ஆனால் அது செய்வது அழிப்பு. பிஎச்பிபிபி-யில் அதைத் தானாக நடக்கும்படியும் வைக்கலாம். எங்களுடையதிலும் அப்படி ஒன்று உண்டு, முதல் நாள் அதன் மேல் விரலை வைத்துவிட்டு, எதற்கும் விளக்கத்தைப் படிப்போம் என்று படித்தேன். படிக்காமல் போயிருந்தால் இந்தக் கட்டுரையை எழுத முகம் இருந்திருக்காது. பேக்கப் இருந்தது. அதை ஒருமுறையாவது மீட்டுப் பார்த்திருக்கிறோமா என்று கேட்காதீர்கள்.

காத்திருந்த நாட்களில் சும்மா இருக்காமல் நான் செய்த இன்னொரு வேலைதான் எல்லாவற்றையும்விட மோசம். ஒரே பிரச்சினைக்கு இரண்டு மூன்று திரிகள் இருந்தால் ஒன்றாக இணைத்துவிடலாமே என்று தோன்றியது. மைக்ரோவேவ் ஓடுகிறது, ஆனால் சூடாகவில்லை என்று இரண்டு திரிகள், ஏறத்தாழ ஒரே வாரத்தில் தொடங்கியவை. இணைத்தேன். மென்பொருள் என்ன செய்யும்? எல்லாப் பதிவுகளையும் தேதி, நேரப்படி அடுக்கும். இரண்டு உரையாடல்களும் சீட்டுக்கட்டு கலைத்தது போலக் கலந்துவிட்டன.

ஒரு திரியில் ஒருவர், கதவு சரியாக மூடுகிறதா என்று பிளக் மாட்டியிருக்கும்போதே திறந்து மூடிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். "தாராளமாகச் செய்யுங்கள், பயப்பட ஒன்றுமில்லை" என்று அவருக்குப் பதில். மற்றதில் ஒருவர், மேல் உறையைக் கழற்றிவிட்டேன், உள்ளே இருக்கும் கெபாசிட்டரைக் கையால் எடுக்கலாமா என்று கேட்டிருந்தார். இணைத்த பிறகு அந்தத் "தாராளமாகச் செய்யுங்கள்" இந்தக் கேள்விக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்திருந்தது.

தெரியாதவர்களுக்கு: மைக்ரோவேவ் கெபாசிட்டரில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும், பிளக்கை எடுத்த பிறகும் அது தங்கியிருக்கலாம். ஆளைக் கொல்லும். நல்லவேளை, ஒன்றரை மணி நேரத்தில் ஒரு உறுப்பினர் பார்த்துவிட்டு எங்களுக்குப் புகார் கொடுத்தார். பிரிப்பதற்கு 58 பதிவுகளையும் படித்து, எது எந்தத் திரிக்காரர் எழுதியது என்று ஒவ்வொன்றாக டிக் செய்தேன். இரவு இரண்டு மணி ஆகிவிட்டது. இனி இணைப்பதே இல்லை. ஒன்றைப் பூட்டி, அதன் முதல் பதிவில் மற்றதற்குச் சுட்டி கொடுத்தால் முடிந்தது.

இப்போது நாங்கள் தேதியைப் பார்ப்பதில்லை, கடைசி நாலைந்து பதிவுகளைப் படிக்கிறோம். கேட்டவருக்குத் தீர்வு கிடைத்து, அது இன்றும் செல்லுபடியாகிறது என்றால் திரி திறந்தே இருக்கட்டும். யாராவது ஒரு திருத்தத்தோடு வரலாம். பதிலே கிடைக்காத திரியைப் பூட்டுவதில் எனக்கு உடன்பாடே இல்லை. நாலு வருடம் கழித்து வருகிற ஒரே ஆளின் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம் அது. பூட்ட வேண்டியது, பதில் பழசாகிக் கெடுதலாக மாறிவிட்ட திரிகளைத்தான். பிரிண்டர் திரி ஒன்றில், பிரிண்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்கிக்கொள்ள 2014-ல் ஒருவர் ஒரு சுட்டி கொடுத்திருந்தார். அந்த முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டதால் இப்போது வேறு யாரோ வாங்கி, வேறு எதையோ இறக்க வைக்கிறார்கள். தேடுபொறியில் அந்தத் திரி இன்னும் முதல் பக்கத்தில் வருகிறது. அதை அன்றே பூட்டினோம், சுட்டியை எடுத்தோம், முதல் பதிவில் சிவப்பில் ஒரு வரி, புதுத் திரிக்கு வழி. வழி காட்டாமல் பூட்டினால் வந்தவர் அதே கேள்வியைப் புதிதாகக் கேட்பார், நம் ஆட்களில் ஒருவர் "முதலில் தேடிப் பாருங்கள்" என்று பாடம் எடுப்பார். தேடித்தான் அந்த மனிதர் பூட்டில் வந்து முட்டிக்கொண்டார்.

சண்டைத் திரிகளுக்கு ஒரு ராத்திரி பூட்டு போதும். காலையில் திறந்தால் பாதிப் பேருக்கு எதற்குச் சண்டை போட்டோம் என்பதே மறந்திருக்கும். மறக்காதவர்கள் எப்படியும் புதுத் திரி தொடங்குவார்கள்.

ஸ்பேமுக்குப் பூட்டே தேவையில்லை என்று தாமதமாகத்தான் புரிந்தது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்ற கேள்வி-பதில் தளத்தில் ஒரு கேள்வியைப் 'பாதுகாத்தால்' அந்தத் தளத்தில் 10 புள்ளியாவது சம்பாதித்தவர்கள்தான் பதில் எழுத முடியும். நாங்களும் அதே மாதிரி, பழைய திரிகளில் எழுதப் புது ஆட்கள் முதலில் ஐந்து பதிவு போட்டிருக்க வேண்டும், பழைய பதிவைத் திருத்தினால் எங்களுக்குத் தகவல் வர வேண்டும் என்று வைத்தோம். போன மாதம் இரண்டே இரண்டுதான் சிக்கின. எஸ்எம்எஃப் மென்பொருளில் இருப்பது போல, 120 நாள் ஆன திரியில் பதில் எழுதப் போனால் "இது பழைய திரி, புதிதாகத் தொடங்கலாமே" என்று ஒரு எச்சரிக்கை வருகிறது. "எனக்கும் இதே பிரச்சினை" கூட்டத்தில் பாதி அதைப் பார்த்தே திரும்பிவிடுகிறது. பிரிட்ஜ்காரர் மாதிரி ஆட்கள் அதைச் சட்டை செய்யாமல் எழுதிவிட்டுப் போகிறார்கள். அவர் கம்பியின் படத்தோடு எழுதியிருக்கிறார், கீழே ஒருவர் கம்பியின் தடிமன் கேட்டிருக்கிறார், பதிலும் வந்துவிட்டது.

நிர்வாகி திரும்பி வந்து எல்லாவற்றையும் திறந்துவிட்டார். 412-லும் நான் எழுதிய வரியை நானே நீக்கினேன், நினைவுத் திரியில்தான் முதலில். பிறகு மூவரும் பங்கு போட்டுப் படித்து இதுவரை 71-ஐப் பூட்டியிருக்கிறோம். நேற்று என் பங்கில் "ரிமோட் வேலை செய்யவில்லை, அவசரம்!!!" வந்தது. எட்டு வருடத்துக்கு முந்தைய கேள்வி. கீழே ஒரே ஒரு பதில், "பேட்டரியை மாற்றிப் பார்த்தீர்களா?" அதற்குக் கீழே கேட்டவரே எழுதியிருக்கிறார்: "பார்த்தேன். பேட்டரியே இல்லை. திரியை யாராவது அழித்துவிடுங்கள்."

அழிக்கவில்லை. ஒரு வரியும் எழுதாமல் பூட்டினேன்.