காய்கிற கல்லுக்குத் தவணை கிடையாது

எங்கள் ஊரில் ‘பிரதமர் வீடு’ என்றால்தான் தெரியும். பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தில் 2022-இல் அம்மா பெயருக்கு ஒர்க் ஆர்டர் வந்தது. அடிப்படைத் தொகை 1,20,000 ரூபாய். இதில் மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. காங்கிரீட் கூரைக்கென்று தமிழக அரசு மேற்கொண்டு 1,20,000 தந்தது. நூறு நாள் வேலைக் கணக்கில் 90 நாள் கூலி கிடைத்தது, அப்போது நாளுக்கு 281 ரூபாய். கழிவறைக்கு 12,000. எல்லாம் சேர்த்தால் 2,77,290. இதில் குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது 269 சதுர அடி கட்ட வேண்டியிருந்தது.

விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் பக்கம் நல்ல செம்மண். மாமா மகன் ஆரோவில் பக்கம் கொத்தனார். அவன்தான் அமுக்குக் கல் யோசனையைச் சொன்னான். மண்ணைச் சலித்து, நூற்றுக்கு 5 பங்கு சிமெண்ட் கலந்து, கைப்பிடி மெஷினில் வைத்து அமுக்குவது. சூளை இல்லை, விறகு இல்லை. எனக்குப் பிடித்துவிட்டது. அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. “நாப்பது வருஷம் மண்ணு செவுத்துக்குள்ளயே கெடந்தேன். மெத்தை வீடு வருதுன்னு பார்த்தா மறுபடியும் மண்ணாடா?” என்றார்.

பஸ் ஏற்றி ஆரோவிலுக்குக் கூட்டிப் போனேன். அங்கே பார்வையாளர் மையம் முழுக்க இந்தக் கல்தான். கட்டி முடித்து அப்போதே 30 வருடம் ஆகியிருந்தது. அம்மா சுவரை விரலால் தடவினார். அப்புறம் யாரும் பார்க்காத நேரம் வளையலால் அழுத்திக் கீறிப் பார்த்தார். மண் உதிரவில்லை. திரும்பி வரும்போது ஒன்றும் பேசவில்லை, அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மாவைவிடக் கஷ்டம், வேலையை அளந்து பார்த்துக் கையெழுத்துப் போடும் ஓவர்சியர். கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது: “மண்ணு வீட்டை எடுத்துட்டுக் கட்டத்தான் தம்பி கவர்மெண்ட் காசு குடுக்குது. எம்-புக்ல (வேலையை அளந்து எழுதும் பதிவேடு) நான் என்னன்னு எழுதுறது?” உள்ளூர்ப் பொருளைப் பயன்படுத்தலாம் என்று திட்டத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது என்றேன். தலையாட்டினார், கையெழுத்துப் போடவில்லை. மூன்று முறை அலைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. வாதம் அவருக்குத் தேவையில்லை, எழுதிக்கொள்ள ஒரு எண்தான் தேவை. அந்த எண் ஐ.எஸ். 1725. சிமெண்ட் கலந்த மண் கல்லுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் போட்டிருக்கும் தரம் அது. அதன் ஜெராக்ஸையும், ஒரு பாலிடெக்னிக்கில் மாதிரிக் கற்களை நனைத்து உடைத்து வாங்கிய சோதனை ரிப்போர்ட்டையும் கொண்டுபோய் வைத்தேன். சதுர மில்லிமீட்டருக்கு 3.5 நியூட்டன் தாங்கினால் போதும்; எங்கள் கல் 4.1 தாங்கியது. அன்றைக்கே எழுதிவிட்டார். ‘மண் கல்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டு ‘ஸ்டெபிலைஸ்டு பிளாக்’ என்று எழுதினார். அதுவும் சரிதான்.

இனிமேல்தான் நிஜமான சிக்கல். எங்களுக்குப் பணம் நான்கு கட்டமாக வந்தது: பேஸ்மட்டம் (தரைமட்ட அடித்தளம்), லிண்டல் (கதவு, ஜன்னலின் மேல்மட்டம்), கூரை, வேலை முடிவு. ஒவ்வொரு கட்டத்திலும் வந்து போட்டோ பிடித்து, இடத்தின் குறியீட்டோடு ஏற்றுவார்கள்; பிறகே வங்கிக் கணக்கில் விழும். சிமெண்ட்டும் கம்பியும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலேயே எடுத்துக்கொண்டு தவணையில் கழித்துக்கொள்ள முடிந்தது. செங்கல்லில் கட்டுகிறவனுக்கு இது பொருந்தும். சூளைக்காரர் கடனுக்கு லோடு இறக்குவார், பணம் வந்ததும் கொடுத்துக்கொள்ளலாம். அமுக்குக் கல்லில் சுவருக்கான செலவு முழுவதும் சுவர் எழும்புவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் மேட்டு நிலத்தில், வேர் கலந்த மேல்மண்ணை வழித்துவிட்டு, 4 மீட்டருக்கு 4 மீட்டர், ஓர் ஆள் இடுப்பளவு குழி தோண்டினோம். 24 செ.மீ. சதுரம், 9 செ.மீ. உயரம் என்ற அளவில் 2,700 கல். நாளுக்கு ஆயிரம் அடிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்த மெஷினில் நாங்கள் 7 பேர் 400-தான் அடித்தோம். முதல் நாள் அதுவும் இல்லை. 27 மூட்டை சிமெண்ட், ஆள் கூலி, மெஷின் வாடகை என்று 40,000 ரூபாய் கரைந்தது. அப்புறம் 28 நாள் நனைத்து மூடி வைக்க வேண்டும். கல் அடித்துக்கொண்டிருந்த நாள்களில் ஒரு ராத்திரி மழையில் தார்ப்பாய் விலகி, அன்று மாலை அடித்த கல்லில் 140 கரைந்து போயின.

அந்த 28 நாளும் போட்டோவில் காட்ட ஒன்றும் இல்லை. அரசுக் கணக்கில் நாங்கள் வேலையே ஆரம்பிக்காதவர்கள். ‘ஏன் இன்னும் தொடங்கவில்லை’ என்று போன் வந்தது. குவித்து வைத்த கல்லைக் காட்டினால், “காயுற கல்லுக்கெல்லாம் தவணை கிடையாது சார்” என்றார்கள். அம்மா மகளிர் குழுவில் 30,000 கடன் எடுத்ததால் ஓட்டினோம்.

சென்னை பெரும்பாக்கத்தில் 1,152 வீடுகளைப் புதிய முறையில், முன்வார்ப்பு காங்கிரீட்டில் கட்டினார்கள். அங்கே வழக்கமான மானியத்துக்கு மேல் தொழில்நுட்பத்துக்கென்றே தனி மானியம் இருந்தது. கிராமத்தில் தனி ஆளாகக் கட்டிய எங்களுக்கு அப்படி எதுவும் இல்லை. கூடுதலாகக்கூட வேண்டாம், முதல் தவணையைக் கொஞ்சம் முன்னாலேயே கொடுத்தால் போதும் என்றுதான் அப்போது தோன்றியது.

இதே வழியில் போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். ஒர்க் ஆர்டர் வந்த வாரமே கல் அடித்துவிடுங்கள். கல் காயும் 28 நாளில் கடைக்கால் தோண்டி பேஸ்மட்டம் முடித்தால் முதல் பணம் வந்துவிடும், கல்லும் தயாராகிவிடும். நாங்கள் கல் காய்ந்த பிறகு கடைக்கால் எடுத்தோம். அந்த முட்டாள்தனத்துக்கு ஒரு மாத வட்டி கட்டினோம்.

செங்கல்லாக இருந்தால் 7,500 வேண்டும் என்று மேஸ்திரி கணக்குச் சொல்லியிருந்தார். அப்போது ஒன்று 9 ரூபாய், அதாவது 67,500. எனவே வட்டி, கரைந்த கல் எல்லாம் போகவும் மிச்சம்தான். மேஸ்திரி மட்டும் இந்தக் கல்லோடு கடைசிவரை ராசியாகவில்லை. “சொல்ற பேச்சு கேக்குது, ஆனா கனம்” என்பார். ஒரு கல் பத்து கிலோ.

கூரை போட்டதும் மூன்றாம் தவணை தாமதமில்லாமல் வந்தது. வெளிச்சுவரைப் பூசாமல் கல் தெரிய விட்டால் அழகு, செலவும் மிச்சம் என்று சொல்லிப் பார்த்தேன். பின்சுவரிலும் பக்கச் சுவரிலும் அம்மா விட்டுக்கொடுத்தார். தெருவைப் பார்த்த சுவரை மட்டும் சொந்தக் காசில் பூசி, ரோஸ் கலர் பெயிண்ட் அடிக்க வைத்தார்.