தரைக்குள் புதைந்த 88 ஓம்

குளிர்காலத்தில் காலை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கால்தான். எழுந்து போய்க் குளியலறை டைல்ஸில் பாதம் பட்டதும் தூக்கம் சுரீரெனக் கலையும். பல வருடங்கள் செருப்பை வைத்தே சமாளித்தேன். டைல்ஸ் விரிசல் விட்டு, எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டி வந்தபோது, பெயர்த்ததுதான் பெயர்த்தோம், அடியில் சூடேற்றும் கம்பியையும் போட்டுவிடலாமே என்று தோன்றியது.

முதல் இரண்டு வாரம் தெர்மோஸ்டாட், அதாவது சூட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி, பார்ப்பதிலேயே போயிற்று. தொடுதிரை வேண்டுமா, கைப்பேசியிலிருந்து இயக்க வேண்டுமா, வெள்ளையா கறுப்பா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. சுவரில் இருக்கும் பெட்டியை நினைத்தபோது கழற்றி மாற்றலாம். டைல்ஸுக்கு அடியில் போவதை மாற்ற முடியாது.

அடியில் போடுவதற்குப் பல வகைகள் உண்டு. வெந்நீர்க் குழாய் பதிப்பது வீடு முழுவதற்கும் ஏற்றது. வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து நீரைச் சூடாக்கும் ஹீட் பம்ப்போடு சேர்த்தால் மின்செலவும் குறையும். ஆனால் ஒரே ஒரு குளியலறைக்காகக் குழாய், பம்ப், கொதிகலன் என்று இறங்குவது அதிகப்படி. மின்சார வகையில், லேமினேட் தரைக்கு அடியில் விரிக்கும் மெல்லிய ஃபிலிம் ஒன்று. இஷ்டப்படி வளைத்துப் போடும் தனிக் கேபிள் இன்னொன்று. அதே கேபிளைச் சீரான இடைவெளியில் வலையில் ஒட்டிச் சுருட்டித் தரும் பாய் மூன்றாவது. கோணல்மாணலான அறைக்குத் தனிக் கேபிள் நல்லது. எங்கள் அறை ஏறக்குறையச் செவ்வகம் என்பதால் பாய் போதும் என்று முடிவு செய்தேன். அதில் இரட்டைக் கம்பி வகையாகப் பார்த்து எடுத்தேன். ஒற்றைக் கம்பியில் இரண்டு முனைகளையும் தெர்மோஸ்டாட்டுக்கே திரும்பக் கொண்டுவர வேண்டும். இரட்டையில் ஒரு முனை வந்தால் போதும்.

அடுத்து ஒரு தப்புச் செய்தேன். அறை 6 சதுர மீட்டர், ஆகவே பாயும் 6 சதுர மீட்டர் என்று வாங்கி வந்துவிட்டேன். கழிப்பறைக் கோப்பை, தொட்டி, அலமாரி ஆகியவற்றுக்கு அடியில் கேபிள் போகக் கூடாது. அங்கே சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கிவிடும். அவற்றைக் கழித்தால் மிஞ்சியது 4 சதுர மீட்டர்தான். மீதியை வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலோடு உட்கார்ந்த என்னை மின்பணியாளர் தடுத்தார். பாயை வேறு திசைக்கு வளைக்க வலையை வெட்டலாம், கேபிளை ஒருபோதும் வெட்டக் கூடாது என்றார். கோபம் வந்தது, அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சதுர மீட்டருக்கு 150 வாட் வீதம் அந்தப் பாய் மொத்தம் 900 வாட். 230 வோல்ட்டுக்கு அதன் மின்தடை சுமார் 59 ஓம். மூன்றில் ஒரு பங்கை வெட்டினால் தடை 39 ஓமாகக் குறையும், மின்னோட்டம் ஏறும், சுமார் 1,350 வாட் அந்த 4 சதுர மீட்டருக்குள்ளேயே இறங்கும். சதுர மீட்டருக்கு 337 வாட்! கத்தரிக்கோலை எடுத்த இடத்திலேயே வைத்தேன். பாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 4 சதுர மீட்டர் பாய் வாங்கினேன்: 600 வாட், 88 ஓம்.

கீழே வெப்பக் காப்புப் பலகை வேண்டுமா என்பதில் வீட்டில் பெரிய வாக்குவாதம். 10 மில்லிமீட்டர் பலகை வைத்தால் தரை உயரும், கதவு உரசும் என்றாள் மனைவி. உரசத்தான் செய்தது, கதவின் அடியைச் சீவ வேண்டியதாயிற்று. ஆனால் காப்பு இல்லாமல் வெறும் கான்கிரீட்டின் மேல் கேபிளைப் போட்டால், நம் காலுக்கு முன்னால் கான்கிரீட்டைத்தான் அது சூடாக்கும். இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

டைல்ஸ் ஒட்டிய அன்று, கேபிளுக்குச் சேதம் வரவில்லை என்று உறுதி செய்ய, மின்தடையை அளக்கும் மல்டிமீட்டரும் கையுமாக நின்றேன். பெட்டியிலிருந்து எடுத்ததும் ஒரு முறை, பாயை விரித்ததும் ஒரு முறை, ஒட்டி முடித்ததும் ஒரு முறை அளந்தேன். 88, 88, 88. நடுவில் பசை வாளியைக் கேபிள் மேலேயே வைக்கப் போனார் டைல்ஸ் போடுபவர். நான் போட்ட சத்தத்தில் அவரே பயந்துவிட்டார். தரையின் சூட்டை உணர்ந்து தெர்மோஸ்டாட்டுக்குச் சொல்லும் சென்சாரை அப்படியே பசையில் புதைத்துவிடலாம் என்றார். கூடாது என்று சொல்லி, இரண்டு கேபிள் வரிசைகளுக்கு நடுவே சிறு குழாய் பதித்து, பசை புகாதபடி அதன் நுனியை அடைத்து, உள்ளே நுழைத்தோம். நாளைக்கு சென்சார் பழுதானால் உருவி எடுத்துவிடலாம். தெர்மோஸ்டாட்டைக் குளியலறைக்கு வெளியே ஈரம் படாத சுவரில் வைத்தோம். 30 மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்சையும் மின்பணியாளர் பொருத்தினார்.

பிறகு காத்திருப்பு. பசை முழுதாக இறுகும்வரை சூடேற்றக் கூடாது என்பதால் இரண்டு வாரம் தொடவே இல்லை. பதினைந்தாம் நாள் அதிகாலை ஐந்தரைக்குத் தானாக இயங்கும்படி நேரம் வைத்தேன். ஆறு மணிக்குக் கால் வைத்தபோது, வெயில் பட்டு ஆறிய திண்ணைபோல் இருந்தது தரை.

கூடத்து மரத்தரைக்கும் போடலாமா என்ற பேச்சு வந்தது. மரத்துக்குப் பொதுவாக 27 டிகிரிதான் உச்சவரம்பு. அத்தனை பெரிய அறையை நேரடி மின்சாரத்தால் சூடாக்கினால் கட்டணம் தாங்காது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

குளியலறையில் ஒரு மூலை மட்டும் இன்னும் ஜில்லென்றுதான் இருக்கிறது. அங்கே அலமாரி வரும் என்று வரைபடத்தில் கழித்திருந்தேன். அலமாரி இன்னும் வாங்கவில்லை. மனைவி பல் துலக்க நிற்கும் இடம் அது.